நாலு தலை மலை

...தார்ப்பாய்க்குக்கூட லாயக்கில்லன்னு சொல்லிட்டாம்மா. சொந்தத் தங்கச்சி. ஒரே வயித்துல பொறந்தவ. சந்தையில பொம்மைக் கடை போட்டிருக்காளே, ஜனவரி மழை சும்மா விடுமா, மேல கட்டிக்கட்டும்னு மெனக்கெட்டு செவுத்துலேர்ந்து உரிச்சு, சுருட்டி, கயிறு கட்டி, கேபிள் கார்ல ஏத்திக் கீழ கொண்டு போறேன், மூணரை மீட்டர் ஃப்ளெக்ஸு. விரிச்சுப் பாத்தா. இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் பாத்தா. பாத்துட்டு, "அக்கா, இத என் கடை மேல கட்டினா வர்றவன் பொம்மை வாங்க மாட்டான், நின்னு சிரிச்சுட்டுப் போயிருவான்"ங்கறா. நான் என்ன பண்றது? மறுபடி சுருட்டி, மறுபடி கயிறு கட்டி, மறுபடி தூக்கிட்டு வர்றேன்.

இடிக்குதா? இரு, இரு, அந்தப் பக்கம் சாய்ச்சுக்கறேன். நீ நல்லா காலை நீட்டி உக்காரும்மா. இந்தப் பெட்டிக்குள்ள நாம ரெண்டு பேரு தானே, கதவும் சாத்தியாச்சு. எங்க எறங்கணும், கடைசி ஸ்டேஷனா? நானும் அங்க தான். அப்பாடா. நடுவுல ஒரு ஸ்டேஷன் நிக்கும், அங்க நெறைய பேர் ஏறினா இத நட்டமா நிறுத்தி நான் கட்டிப் புடிச்சுக்கறேன், ஒண்ணும் கவலப்படாத.

நீயும் சந்தைக்குத் தான் போனியா? பின்ன, என்ன வேணுமோ அத பொம்மையா வாங்கி வேண்டிக்கற நாளாச்சே, அலாசிதாஸ் அன்னிக்கு லா பாஸ்ல யாரு வீட்டுல உக்காந்திருப்பா. என்ன வாங்கினே, காட்டு... அட, குட்டிப் பெட்டி! உள்ள பாஸ்போர்ட்டெல்லாம் வெச்சிருக்கான் பாரு, நகத்து அளவுல. வெளிநாடு போகணும்னு வேண்டுதலா? நல்லது, நல்லது, சீக்கிரம் கெளம்பு. புகை காட்டினியா? சரியா பன்னெண்டு மணிக்குக் காட்டணும், அதான் விஷயமே. பொம்மை எப்ப வேணா வாங்கலாம், பூசாரி புகை போடறது உச்சி வேளையில விழணும். அது தாண்டிட்டா வெறும் பொம்மை தான், கொழந்தைக்குக் குடுத்து வெளையாடச் சொல்லலாம். காட்டிட்டியா? அப்ப சரி. உனக்கு வந்துரும்.

என்னது? ஓ, இதுவா. இதுல என்ன இருக்குன்னா... அத ஏன் கேக்கற. மலை இருக்கு. எங்க பெரியவர். இல்லிமானி. ஆமா, சுருட்டி தான் வெச்சிருக்கேன், அந்த நெலமைக்கு வந்தாச்சு.

நான் சொல்றேன் கேளு. எங்க வீட்டு ஜன்னல்ல முன்னெல்லாம் மலை முழுசா தெரியும். அடியிலேர்ந்து நுனி வரைக்கும். காலங்காத்தால எந்திரிச்சதும் திரைய விலக்கி அவர் மூஞ்சியப் பாத்துட்டுத் தான் நான் அடுப்பு பத்த வெப்பேன். சந்தை வாசல்ல ஆபி, அதான் சோளக் கஞ்சி, சுடச்சுடக் காச்சி விக்கறேன்ல, அவரப் பாத்தாலே போதும், இன்னிக்குக் குளிர் எப்படி, எத்தன பானை போகும், எல்லாம் தெரிஞ்சுரும். பனி நல்லா வெள்ளையா முறைச்சுக்கிட்டு நின்னார்னா ரெண்டு பானை கூட வெப்பேன். என் பொண்ணு கோச்சபம்பாவுக்குக் கல்யாணமாகிப் போன அன்னிக்கு நான் யார்கிட்ட அழுதேன்? எங்க வீட்டுக்காரர்கிட்டயா? அவரு அழற மூஞ்சியப் பாத்தா ரேடியோவ சத்தமா வெச்சுக்குவாரு. ஜன்னல்ல நின்னு பெரியவர்கிட்ட தான் அழுதேன். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஆனா நிப்பாரு. அது போதும் எனக்கு.

உங்க வீட்டுலேர்ந்து தெரியுமா? படுக்கையிலேர்ந்தேவா? கண்ணத் தொறந்ததும் எதிர்லயா? குடுத்து வெச்சவம்மா நீ. பொறாமையா இருக்கு, வெளிப்படையா சொல்லிடறேன்.

எனக்கு எப்படிப் போச்சுன்னா, எதிர் வீட்டுல செவெரினான்னு ஒருத்தி. எதிரின்னு நெனைக்காத, என் பொண்ணுக்கு ஞானத்தாயே அவ தான். அவ எனக்குக் கொமாத்ரே, நான் அவளுக்குக் கொமாத்ரே, ஒருத்தர் அடுப்புல ஒருத்தர் பானை வெக்கற ஒறவு. அவ வீடு எங்களுக்குக் கீழ, சரிவுல. ஒரே ரூம்பு, தகரக் கூரை. அந்தக் கூரைக்கு மேல தான் என் மலை. போன வருஷம் என்ன ஆச்சு, திடுதிப்புன்னு செங்கல் வந்து எறங்குது. கட்டறா. மொத மாடி வந்துச்சு, மலைக்குப் பாதம் போச்சு. சரி, பாதம் தானேன்னு விட்டேன். ரெண்டாவது வந்துச்சு, இடுப்பு வரைக்கும் போச்சு. நான் வாயே தொறக்கல. அப்புறம் பாக்கறேன், மறுபடியும் கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது. மூணாவது மாடி! தெனமும் ஜன்னல்ல நின்னு செங்கல் வரிசைய எண்ணுவேன். கொஞ்சங் கொஞ்சமா கழுத்து வரைக்கும், அப்புறம் தலைக்கு மேலயும் போர்வைய இழுத்து மூடற மாதிரி.

அப்ப தான் எங்க வீட்டுக்காரர், ஃபௌஸ்தினோன்னு பேரு, முப்பது வருஷம் மினி பஸ் ஓட்டிட்டு இப்ப வீட்டுல உக்காந்து என்ன ஓட்டறாரு... அவரு ஒரு யோசன சொன்னாரு. "ஹெர்மினியா, மலை போறதுக்குள்ள ஒரு படம் எடுத்துருவோம். சின்னப் படம் இல்ல, பனோரமா. நம்ம மொட்டமாடிலேர்ந்து என்னென்ன தெரியுதோ, எல் ஆல்டோ விளிம்புலேர்ந்து ஆரம்பிச்சு ஊரு பூரா இழுத்துட்டு வந்து மலையில முடிக்கறேன். பெருசா போட்டு செவுத்துல மாட்டிட்டா, அவ எத்தன மாடி வேணா கட்டிக்கட்டும்"னாரு. பொய் சொல்லக் கூடாது, அவரு வாயிலேர்ந்து வந்ததுலயே புத்திசாலித்தனமான பேச்சு அது தான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

நீ எடுத்திருக்கியா, அந்த மாதிரிப் படம்? அந்த ஃபோன்ல ஒரு கோடு வரும், ஒரு அம்புக்குறி வரும். அந்த அம்பு கோட்ட விட்டு எறங்காம, நெறஞ்ச சூப்புத் தட்ட தூக்கிட்டு நடக்கற மாதிரி ஒரே சீரா இழுக்கணும். வேகமா இழுத்தா திட்டும். மெதுவா இழுத்தாலும் திட்டும். முப்பது வருஷம் பஸ்ஸ இந்த மேட்டுல வளைச்ச மனுசன், ஒரு ஃபோன வளைக்கத் தெரியல பாரேன். மொதல் தடவ பாதி இழுத்துட்டிருக்கும்போது சாப்பிட வாங்கன்னு நான் படியேறி வந்துட்டேனாம். என் தப்பாம் அது. படத்துல என் மூஞ்சி தட்டு ரொட்டி மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக்கிட்டு கெடக்கு. ரெண்டாவது தடவ நாய் குறுக்க ஓடிருச்சு. ஆறு காலு. அதக் கூட வீட்டுல மாட்டலாம்னாரு. நான் வெளக்கமாத்த எடுத்தேன்.

மூணாவது தடவ தான் எல்லாம் கூடி வந்துச்சு. ஜூன் மாசம், வானம் துடைச்சு விட்ட மாதிரி, ஒரு பொட்டு மேகம் இல்ல. மலை அவ்வளவு பக்கத்துல. செவெரினா செவுரு இன்னும் கழுத்துக்கு வரல. நான் நாயக் கட்டிப் போட்டேன், வாய மூடிக்கிட்டு படியில உக்காந்தேன். அவரும் மூச்சப் புடிச்சுக்கிட்டு இழுக்கறாரு. எல் ஆல்டோ முடிஞ்சுது, ஸ்டேடியம் முடிஞ்சுது, மலையடிக்கு வந்தாச்சு.

அங்க தாம்மா கெட்டுச்சு.

நீயே சொல்லு, பெரியவரப் படம் எடுக்கறதுன்னா மொதல்ல என்ன செய்யணும்? அவர்கிட்ட கேக்கணும். ரெண்டு சொட்டு சாராயத்த மண்ணுல ஊத்தி, பெரியவரே உத்தரவு குடுங்கன்னு சொல்லணும். ஒரு அடுப்புக் கல்ல எடம் மாத்தறதுன்னாலும் நாம ஊத்தறோம். இந்த மனுசன் காலையிலேயே குப்பிய வாங்கிப் பாக்கெட்டுல வெச்சிருக்காரு. ஊத்தினாரா? மறந்துட்டாரு. ஃபோன் மலைக்கு நேரா வந்தப்ப தான் பொறி தட்டிருக்கு, ஐயையோ கேக்கலையேன்னு. சரி, மறந்தாச்சு. நிறுத்தணும்ல? நிறுத்திட்டு, ஊத்திட்டு, மொதல்லேர்ந்து எடுக்கணும். அது பத்து வயசுப் புள்ளைக்குத் தெரியும். இவரு நிறுத்தல. ஒரு கையில ஃபோனப் புடிச்சபடியே இன்னொரு கையால தொப்பிய எடுத்து அக்குள்ல இடுக்கி, குப்பிய எடுத்து, மூடியப் பல்லால திருகி, குனிஞ்சு மலைக்கு ரெண்டு சொட்டு ஊத்தி, தனக்கு ரெண்டு மடக்கு ஊத்தி, நிமிந்து, மிச்சத்த இழுக்கறாரு. பக்திமான்!

மலைக்கு எத்தன தலை? மூணு. இந்த ஊர்ல பொறந்த கொழந்தையக் கேட்டா வெரல் காட்டும், மூணு. இந்தப் படத்துல நாலு. கடைசித் தலை முடிஞ்ச எடத்துல அதே தலை இன்னொரு தடவ எட்டிப் பாக்குது, கொஞ்சம் சாஞ்சாப்புல. அவரு குனிஞ்சு குடிச்சாரில்ல, அந்தச் சாய்வு.

ஃபோன்ல பாத்தப்பத் தெரியலையாம். சின்னதா இருந்துச்சாம். நேரா கொண்டு போய், டான்ஸ் குழுவுக்கெல்லாம் பேனர் அடிக்கற கடையில குடுத்து ஃப்ளெக்ஸ் போட்டுட்டாரு. மூணரை மீட்டர். நம்ம செவுரு எத்தன? மூணு. அளந்தீங்களான்னு கேட்டேன். கண்ணால அளந்தேன்ங்கறாரு. மூணு மீட்டர் செவுத்துல மூணரை மீட்டர் படத்த மாட்டினா மிச்சம் எங்க போகும்? மூலையில திரும்பி அடுத்த செவுத்துக்குப் போகும். மூலை சரியா எங்க வருது? மலை மேல. பெரியவர நட்ட நடுவுல மடிச்சு மூலையில உக்கார வெச்சாச்சு, தண்டனை வாங்கின பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி.

சிரிக்காத. சிரிப்பு வருதுல்ல? எனக்கும் வரும், அடுத்த வீட்டுல நடந்திருந்தா.

இயேசு படம் அந்தச் செவுத்துல இருந்துச்சு, அவரு சமையக்கட்டுக்குப் போயிட்டாரு. எங்க கல்யாணப் படம் பீரோ மேல மல்லாக்கப் படுத்திருக்கு. லைட்டு சுவிட்ச் நடுவுல வந்துருச்சு, அதுக்கு ஃப்ளெக்ஸுல ஓட்டை போட்டாரு, அந்த ஓட்டை சரியா ஸ்டேடியத்துல விழுந்துச்சு. எங்க வீட்டுல இப்ப லைட்டப் போடுன்னு யாரும் சொல்றதில்ல, ஸ்டேடியத்த அமுக்குன்னு தான் சொல்றது. அதக் கூட நான் பொறுத்துக்குவேன். செவெரினாவத் தாம்மா பொறுக்க முடியல.

ஆமா, படத்துல அவ இருக்கா. இவரு ஃபோன இழுத்த நேரத்துக்கு அவ தன் மாடியில செங்கல் தூக்கிட்டு நடந்திருக்கா. எந்தப் பக்கமா? ஃபோன் போற பக்கமாவே. அது இழுக்க இழுக்க இவளும் கூடவே நடந்திருக்கா. படத்துல மூணு தடவ விழுந்திருக்கா! மொத எடத்துல முழுசா நிக்கறா. ரெண்டாவது எடத்துல தொப்பியும் பாவாடையும் இருக்கு, நடுவுல ஆளக் காணோம். மூணாவது எடத்துல சடை மட்டும் ரெண்டு, காத்துல பறக்குது. நெஜத்துல என் மலைய மறைச்சது பத்தாதுன்னு, மலைய நெனச்சுப் பாக்கப் போட்ட படத்துலயும் அவளே. ஒண்ணு மேல காலண்டர மாட்டினேன். ஒண்ணு மேல கடிகாரத்த மாட்டினேன். அந்த சடைய ஒண்ணும் பண்ண முடியல, அது மலைய ஒட்டினாப்புல இருக்கு.

எங்க கொழுந்தன் எலியோதோரோ ஆகஸ்டு மாசம் சாப்பிட வந்தான். சூப்ப ஒரு வாய் குடிச்சான், செவுத்தப் பாத்தான், கரண்டியக் கீழ வெச்சுட்டு வெரல் விட்டு எண்ண ஆரம்பிச்சான். ஒண்ணு, ரெண்டு, மூணு... மறுபடியும் மொதல்லேர்ந்து எண்ணினான். அப்புறம் எங்க வீட்டுக்காரரப் பாத்து, "அண்ணே, பெரியவரு புள்ள பெத்துட்டாரா"ன்னான். அன்னிலேர்ந்து தெருவுல எல்லாரும் கேக்கறாங்க, கொழந்தை நல்லா இருக்கான்னு. ஆபி குடிக்க வர்றவங்க கூட. இவருக்கு அதுல பெருமை வேற. நாலு தலை வேற யாரு வீட்டுல இருக்குங்கறாரு.

செவெரினாவப் போய் நாலு வார்த்த கேட்டிருக்கலாம்லன்னு தானே பாக்கற? உன் பார்வையே சொல்லுது. எல்லாரும் அதத் தான் கேக்கறாங்க. கேக்க முடியாதும்மா. நானா கேக்க முடியாது. ஏன்னா...

சரி, பாதி தூரம் வந்தாச்சு, சொல்லிடறேன். அவளுக்கு அந்த வீட்டக் குடுத்ததே நான் தான்.

காசா? என்கிட்ட ஏது. ஆபி விக்கறவ நான். பொம்மை! ரெண்டு வருஷத்துக்கு முந்தின அலாசிதாஸ். அதுக்கு மொத நாள் ராத்திரி பெஞ்ச மழையில அவ கூரை ஒழுகி, மெத்தையெல்லாம் நனைஞ்சு, காலையில என் அடுப்படியில வந்து உக்காந்துக்கிட்டு, "கொமாத்ரே, இந்தத் தகரத்துக்குக் கீழயே செத்துருவேன் போலிருக்கு"ன்னு அழுதா. என் மனசு எனக்குத் தெரியும், கல்லு இல்ல. தனக்குத் தானே வாங்கிக்கறதவிட அடுத்தவங்க வாங்கிக் குடுத்தா தானே பலிக்கும். ஓடினேன் சந்தைக்கு. ஒரு மாடி வீடு கேட்டேன். ஆணையா சொல்றேன், ஒரு மாடி தான் கேட்டேன். கடைக்காரி, ஒரு மாடியெல்லாம் வித்துப் போச்சு, மூணு மாடி தான் இருக்கு, அதே வெலைக்குத் தர்றேன்னா. சும்மா வர்றத விடுவாங்களா யாராவது? கூடவே குட்டிக் குட்டியா செங்கல், சிமெண்டு மூட்டை, ஒரு கொத்தனாரு பொம்மை. பூசாரிகிட்ட வரிசையில நின்னு, மணி பன்னெண்டு அடிக்கவும் புகை விழவும் சரியா இருந்துச்சு. அந்த மாதிரி அமையறது கஷ்டம். எனக்குன்னு ஒரு குட்டி ஃப்ரிட்ஜு வாங்கினேன், அதுக்குப் புகை காட்டறதுக்குள்ள ரெண்டு மணியாயிருச்சு. ஃப்ரிட்ஜு வந்துச்சா? இன்னி வரைக்கும் வரல. அவளுக்கு மூணு மாடியும் வந்துருச்சு. கொத்தனாரு கூட, நம்ப மாட்ட, அந்தப் பொம்மை மாதிரியே மீச வெச்சிருந்தான்.

இப்ப நான் எந்த வாயால போய்க் கேப்பேன்? ஏண்டி கட்டினேன்னா, நீ தானே குடுத்தேம்பா. அவ மலைய மறைச்சான்னு ஊரெல்லாம் சொல்றேன். மறைச்சது நான். என் கையால தூக்கிட்டுப் போய், என் கையால புகை காட்டி, என் ஜன்னலுக்கு நேரா எறக்கி வெச்சேன்.

அதுலயும் கொடும என்னன்னா, அவ நல்லவ. கெட்டவளா இருந்தாலாவது சண்ட போட்டுட்டு நிம்மதியா இருப்பேன். கூரை போட்டு முடிச்ச அன்னிக்கு விருந்து வெச்சா. நான் மூட்டு வலின்னு படுத்துக்கிட்டேன். ஆளனுப்பினா, அப்புறம் அவளே வந்தா, கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் மூணு மாடியும் ஏத்தி மேல நிறுத்தினா. என்னென்னவோ சாப்பிடறாங்க, பேண்டு வாசிக்கறாங்க, நான் ஒண்ணையும் பாக்கல. எதிர்ல அவரு நிக்கறாரு. முழுசா. மூணு தலையோட. மடியாம, சாயாம. நான் அங்கயே அழுதுட்டேன். எத்தன மாசமாச்சு பாத்து! செவெரினா என்ன சொன்னா தெரியுமா, "தெனம் காலையில இங்க வந்து பாத்துக்கோ கொமாத்ரே, சாவி ஒண்ணு தர்றேன்"னா. சாவி! என் மலையப் பாக்க நான் அடுத்தவ வீட்டுப் படியேறணுமா? அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்னாடி, சீவாத தலையோட, இந்த முட்டிய வெச்சுக்கிட்டு? வேண்டாம்னுட்டேன். வீட்டுக்கு வந்து அந்த நாலு தலையப் பாத்தேன். ஸ்டேடியத்த அமுக்கி லைட்ட அணைச்சுட்டுப் படுத்துட்டேன்.

அப்புறம் ஏன் சந்தோஷமா இருக்கேங்கறியா? தெரியுதா மூஞ்சியில? இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேளு. தங்கச்சி கடையில இந்தச் சுருட்டலோட நிக்கறேன், பின்னாலேர்ந்து யாரோ தோளத் தொடறாங்க. திரும்பினா செவெரினா. கையில ஒரு பொட்டலத்த வெச்சா. பிரிச்சுப் பாத்தா... இரு, காட்டறேன், பையில தான் இருக்கு, மெதுவா, சிமெண்டு மூட்ட உதுந்துரும்... பாரு.

எண்ணு. நல்லா எண்ணு. நாலு மாடி!

"எண்ணிப் பாத்துத் தான் வாங்கினேன் கொமாத்ரே. என் மூணத் தாண்டி உனக்கு மலை தெரியணும்னா நாலு வேணும். நீ குடுத்தது எனக்குப் பலிச்சுது, நான் குடுக்கறது உனக்குப் பலிக்கும்"னா. கட்டிப் புடிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் நடுச் சந்தையில நின்னு அழறோம், போறவங்க வர்றவங்க எல்லாம் ஃப்ளெக்ஸுல இடிச்சுக்கிட்டுத் திட்டறாங்க. பூசாரிகிட்ட ஓடினோம். மணி பன்னெண்டு. அடிச்சு முடிக்கல, புகை விழுந்துச்சு. மேல் மாடிக்குத் தனியா ரெண்டு ஊது ஊதச் சொன்னேன்.

இனி இந்தப் படம் எதுக்கு எனக்கு? அதான் காலையிலேயே உரிச்சேனே... இல்ல, காலையில உரிச்சப்ப கோவத்துல உரிச்சேன், இப்ப சந்தோஷத்துல தேவப்படல. எப்படியோ உரிச்சாச்சு. எல்லாம் பெரியவரு வேல தான். கோச்சபம்பாவுல மாப்பிள்ளைக்குக் கொத்தனாரு வேல தான், பொண்ணுகிட்ட ஃபோன்ல சொல்லிட்டேன், அவரே வந்து கட்டிக் குடுப்பாரு, பொங்கற பால எறக்கி வெச்ச மாதிரி மனசு அடங்கிருச்சு. இந்த வருஷம் ஒண்ணு, அடுத்த வருஷம் ஒண்ணுன்னு ஏறிரும். நாலாவது மாடியில எனக்குக் கட்டில். கண்ணத் தொறந்தா மலை. உன்ன மாதிரியே.

ஆமா, கேக்கவே மறந்துட்டேன், நீ கடைசி ஸ்டேஷன்ல எறங்கி எந்தப் பக்கம்? ரேதாமா தெருவா? அட, நம்ம தெரு! நான் உன்னப் பாத்ததே இல்லையே. புதுசா? எந்த வீடு? பேக்கரிக்கு மேலயா... பேக்கரி மேல, ரெண்டாவது மாடி... மஞ்சத் திரை போட்ட ஜன்னலு?

ஓ.

அது எங்க வீட்டுக்கு நேர் பின்னாலம்மா. பச்சைக் கதவு, மொட்டமாடியில நாய் கட்டிருக்கும்ல, அதான் நாங்க. நீ மலையப் பாக்கறதே எங்க நாய்த் தலைக்கு மேலயும் செவெரினா கூரைக்குப் பக்கத்துலயும் தான்.

ஒத்திக்கு எடுத்திருக்கியா? ரெண்டு வருஷத்துக்கா? மலை தெரியுதுன்னு தான் எடுத்தியா... ம்.

இல்ல, இல்ல, மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. ஒடனேவா கட்டப் போறோம். மொதல்ல ஒண்ணு தான் வரும், உனக்குப் பாதம் மட்டும் போகும். பாதம் போனா ஒண்ணும் தெரியாது, நானே சொல்றேன்ல, அனுபவிச்சவ. இடுப்பு போறப்ப தான் கொஞ்சம் கஷ்டமா இருக்கும். அதுக்குள்ள உனக்குப் பெட்டி பலிச்சுரும். பாஸ்போர்ட்டு வந்து, வெளிநாடு போயிருவ, அங்க உக்காந்துக்கிட்டு இல்லிமானியவா பாக்கப் போற? புகை சரியான நேரத்துக்குக் காட்டினேன்னியே.

சரி, அப்படியே நீ இங்க இருக்கற மாதிரி ஆயிட்டாலும், கேளு, ஒரு வழி இருக்கு. இந்தா. புடி. இது உனக்குத் தான். சும்மா தான் தர்றேன், புடிம்மா. உன் செவுரு எத்தன மீட்டரு? எத்தனயா இருந்தா என்ன, மூலையில மடிச்சுக்கலாம், பழகிரும். சுவிட்சுக்கு ஓட்டை ஏற்கனவே போட்டிருக்கு. உனக்கு மூணு தலை போகுது, நாலு தலை வருது. யோசிச்சுப் பாத்தா லாபம் தானே?

ஏன் எந்திரிக்கற? இது நடு ஸ்டேஷன் தான், நம்மது அடுத்தது. இங்க இல்லம்மா. ஏம்மா... பெட்டிய விட்டுட்டுப் போறியே, உன் குட்டிப் பெட்டி, பாஸ்போர்ட்டு... என்ன வேகம். எங்க ஓடுறா இவ? கீழ போற வண்டியிலயா ஏறுறா? சந்தைக்கா திரும்பப் போறா?

ஏம்மா! பேக்கரி மேல இருக்கற பொண்ணே! மணி பன்னெண்டு எப்பவோ போயிருச்சு! இனி அஞ்சு மாடி வாங்கினாலும் பலிக்காது!

வாங்கய்யா, உள்ள வாங்க, கதவு சாத்திருவாங்க. இடிக்குதா? அந்தப் பக்கம் சாய்ச்சுக்கறேன். நீங்க எந்தத் தெருங்க?